இருநூற்றுப் பதினான்கு பிற்பகல்கள்

என் அண்ணி பதினொரு வருடங்களாகக் குறித்து வைத்திருந்த இருநூற்றுப் பதினான்கு பிற்பகல்களை ஒரு மனிதர் ஒரே காலையில், தேநீர் ஆறுவதற்குள், சிவப்பு மையால் அடித்துவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் குறுக்குக் கோடு, ஓரத்தில் இரண்டே சொல்: 'பணியாளர் பிழை'. அண்ணி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் கையில் கத்தரிக்கோலுடன் நின்றிருந்தேன். நல்லவேளை, அந்த மனிதர் எதிரில் இல்லை.

நான் தையல்காரி. வாய் கொஞ்சம் நீளம். வாயையும் தொழிலையும் சேர்த்து அண்ணி எனக்கு 'ஊசி' என்று பெயர் வைத்திருக்கிறாள். அண்ணனுக்குப் பூட்டு பழுது பார்ப்பதும் மாற்றுச் சாவி செய்வதும் வேலை. ஒரே கடைதான். முன்பாதியில் அவன் சாவி ராவுவான், பின்பாதியில் நான் தைப்பேன், மாடியில் மூவரும் குடியிருக்கிறோம். வீடு முழுக்க இரும்பு. துடைத்த தரையில் விரலை வைத்து எடுத்தால் அரத்தூள் மினுங்கும்.

இந்த வீட்டிலிருந்துதான் அண்ணி தினமும் ஒரு பொட்டு இரும்பு இல்லாமல் வேலைக்குப் போக வேண்டும். பூமியின் காந்தப்புலத்தை அளக்கிற நிலையத்தில் அவள் அளவெடுப்பவள். அளக்கும் குடிசையில் செம்பு ஆணி, பித்தளைக் கீல், மரப் பூட்டு. உள்ளே போகிறவர்கள் கொண்டை ஊசிகூட வைத்திருக்கக் கூடாது. சட்டைக்கு நான் இரும்புக் கொக்கி வைத்ததில்லை, எல்லாம் துணிப் பொத்தானும் நூல் காதும்தான். ஆணி அடிக்காத, நூலால் தைத்த செருப்பு ஒன்றை நிலையத்து வாசலிலேயே வைத்திருப்பாள். கிளம்பும்போது கடை வாசலில் நின்று உடுப்பை உதறுவாள். "கல்யாணம் பண்ணும்போதே ஒரு தச்சனைப் பாத்திருக்கலாம்" என்பாள். அண்ணன் தலை நிமிராமல், "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை, தேடிப் பாரு" என்பான். இது தினமும் நடக்கும்.

அவள் அளப்பது பூமியின் காந்தம் என்றாலும் பார்ப்பது வானத்தை. என் மண்டையில் ஏறிய அளவுக்குச் சொல்கிறேன். நம் தலைக்கு மேல் நூறு கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலம் என்று ஒன்று இருக்கிறது. பூமியின் நடுப்பட்டையில் இருக்கிற எங்களைப் போன்ற ஊர்களுக்கு மேலே, பகலில் அங்கே மின்சாரம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. அது ஓட ஓட இங்கே தரையில் காந்த அளவு ஏறும். உச்சி வேளைக்குப் பிறகு மெல்ல இறங்கி, மாலையில் பழைய நிலைக்கு வந்துவிடும். சில நாள் மட்டும், புயலும் இல்லை மழையும் இல்லை, அந்த ஓட்டம் பிற்பகலில் திடீரென்று திசை மாறிக் கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். அப்போது கருவியின் திரையில் அந்த அளவைக் காட்டும் கோடு விழும், இரவு அளவுக்கும் கீழே போகும். இதற்குப் பெயர் எதிரோட்டம். ஏன் வருகிறது, எப்போது வரும் என்று சரியாகச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பார்ப்பது என்றால் சும்மா இல்லை. பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை அந்தக் குடிசையில் உட்கார்ந்து கையால் அளவெடுத்து, பக்கத்து அறையில் தரைக்குள் பதித்திருக்கும் தானியங்கிக் கருவி சரியாகச் சொல்கிறதா என்று ஒப்பிட வேண்டும். உள்ளே மின்விசிறி கிடையாது. விசிறிக்குள் இரும்பும் காந்தமும் இருக்கிறதே! வெயில் நேரத்தில் அது குடிசையா அடுப்பா என்று தெரியாது. ஆளாளுக்குக் காரணம் சொல்லிக் காலை முறையை வாங்கிக்கொண்டார்கள். பிற்பகல் முறை என் அண்ணி தலையில் விழுந்தது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் அவள். "பரவாயில்லை ஊசி, பிற்பகல்லதான் விஷயமே இருக்கு" என்றாள்.

அவள் காலை முறை கேட்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பதினொரு வருடத்துக்கு முன் அந்தக் குடிசைப் படியில் விழுந்து இடது தொடை எலும்பு முறிந்தது. படி உடைந்திருக்கிறது என்று அவளே மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தாள். நிலையத்தின் அறிக்கையில் 'பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. காலுக்குள் தகடு வைத்துத் திருகினார்கள். காலையில் அந்தக் கால் விறைத்துக் கிடக்கும், நண்பகலுக்கு மேல்தான் சொன்னபடி கேட்கும். தகடு டைட்டானியம், காந்தம் அதைச் சீண்டாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அண்ணி அதையும் நம்பவில்லை. வேலைக்குத் திரும்பிய முதல் நாளே கருவிக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, கோடு அசையவில்லை என்று பார்த்து, தேதி போட்டு நிலையத்துப் புத்தகத்தில் எழுதி வைத்தாள். அப்படிப்பட்டவள்மேல்தான் பிழை என்று எழுதினார்கள்.

எழுதியவர் புதிதாக வந்த நிலையத் தலைவர். அவருக்கு நான் வைத்த பெயர் சிவப்புப் பேனா. எங்கோ தூரத்து ஊரில், எதிரோட்டமே வராத இடத்தில், மேசைக்குப் பின்னாலேயே உட்கார்ந்து வயதானவர். வந்த வாரமே பழைய பதிவுகளைப் புரட்டியிருக்கிறார். பிற்பகல் கோடு விழுந்த நாள்கள் இருநூற்றுப் பதினான்கு. அத்தனை நாளும் குடிசையில் இருந்தது ஒரே ஆள். அந்த ஆளின் காலில் உலோகம். வீட்டில் இரும்புக் கடை வேறு! முடிந்தது கணக்கு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்றால் இதுதான்.

"பிற்பகல் முழுக்க நான்தானே இருக்கேன், வேற யாரு இருப்பாங்க?" என்று அண்ணி கேட்டிருக்கிறாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் பழத்தைத் தள்ளியது காக்கை என்பார்களா? அந்த ஆள் அப்படித்தான் சொன்னார். முதல் நாள் சோதனையைக் காட்டினால், "உங்களைப் பற்றி நீங்களே எழுதிக்கொண்டது சாட்சி ஆகாது" என்றார். கால் முறிவதற்கு முன்னாலும் கோடு விழுந்திருக்கிறது, பழைய தாள்களைப் பாருங்கள் என்றால், அதைக் கரையான் தின்றுவிட்டதாம். கரையான் தின்றதற்கு யார் பெயரில் பிழை எழுதினார்கள் என்று நான் கேட்கிறேன்.

அன்று மாலை அண்ணன் சாவி ராவவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"என் தூளு ஏதாவது ஒட்டிட்டுப் போயிருக்குமா?" என்றான்.

"நீங்க வேற! கோடு ரெண்டு மணி நேரம் மெதுவா விழுந்து, மெதுவா ஏறும். தூளுக்கு அப்படி விழத் தெரியுமா?" என்றாள் அண்ணி.

"நாளைக்கு நானே வரேன். அந்த ஆளை நாலு கேள்வி..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ வந்தா நாலு கேள்வியோட நிக்காது ஊசி." அவள் காலை ஒரு முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். "எனக்குக் கெட்ட பேரு வந்தா வருது. அந்த நாளெல்லாம் நிஜமா நடந்தது. வானத்துல நடந்ததை நடக்கலைன்னு எழுதிட்டாங்க. இனிமே யாரு தேடினாலும் கிடைக்காது. அதான் தாங்கலை."

சொல்லும்போது குரல் உடைந்தது. கால் முறிந்தபோதுகூட அழாதவள்.

அவள் தலைவருக்குக் கடிதம் எழுதினாள். ஒன்றுக்குப் பதில் இல்லை, இரண்டுக்குப் பதில் இல்லை, மூன்றாவதைத் தலைமை அலுவலகத்துக்கும் ஒரு பிரதி எடுத்து அனுப்பினாள். உடனே பதில் வந்தது. முறைப்படி சோதனை நடத்தலாம், சோதனை முடிவுதான் இறுதி என்று ஒரு படிவம். அதில் அச்சடித்த வரிகள்: சோதனைப் பொருளின் பெயர், சோதனைப் பொருளின் எண்ணிக்கை. நிரப்பியிருந்தது: பணியாளரின் இடது கால், ஒன்று. படித்ததும் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. அண்ணி வாங்கிப் படித்துவிட்டு, "எண்ணிக்கை சரிதான்" என்று கையெழுத்துப் போட்டாள்.

உலோகமே இல்லாத அங்கி ஒன்று வேண்டும் என்றார்கள். நான் தைத்தேன். நாடா மட்டும்தான், பொத்தான்கூட இல்லை. அதை உடுத்திவிடுகிற சாக்கில் நானும் சோதனைக்குப் போனேன். வேலி வாசலில் காவலர் என்னை நிறுத்தி ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். கழுத்துப்பட்டையிலிருந்து குண்டூசி ஆறு, முந்தியிலிருந்து ஊக்கு மூன்று, பையிலிருந்து கத்தரிக்கோல், மடிப்புக்குள்ளிருந்து எனக்கே தெரியாத ஓர் ஊசி. "அம்மா, நீங்க ஆளா, பெட்டிக்கடையா?" என்றார் காவலர். குடிசைப் பக்கம் போகாமல், நூறு மீட்டர் தள்ளியிருந்த பதிவறையில் நிற்க எனக்கு அனுமதி கிடைத்தது.

சோதனை நேரம் பிற்பகல் இரண்டு. அண்ணி அப்போதே சொன்னாள்:

"காலையில வைச்சுக்கலாங்க. பிற்பகல்ல நிஜமாவே எதிரோட்டம் வந்துட்டா எதனால விழுதுன்னு குழப்பமாகும்."

"பிழை நடக்கிற நேரத்தில்தான் பிழையைப் பிடிக்கணும்" என்றார் சிவப்புப் பேனா. பிறகு கருவிகளைப் பராமரிக்கும் கருவிக்காரரைப் பார்த்து, "பயப்படுறாங்க" என்றார், அவள் காதில் விழும்படி.

"அப்போ இன்னைக்குக் கை அளவு யாரு எடுப்பாங்க?"

"ஒரு நாள் எடுக்காட்டி வானம் இடிஞ்சு விழாது."

குடிசையில் தானியங்கிக் கருவி பதித்திருக்கும் அறையின் தரையில் சுண்ணாம்புக் கோடுகள். கருவியிலிருந்து ஐந்தடி, நான்கடி, மூன்று, இரண்டு, ஒன்று. ஆணியில்லாத மர முக்காலி ஒன்றைத் தச்சரிடம் செய்து வாங்கியிருந்தார்கள். ஒவ்வொரு கோட்டிலும் பத்து நிமிடம் அண்ணி உட்கார வேண்டும். பதிவறையில் தலைவரும் கருவிக்காரரும் திரையைப் பார்ப்பார்கள். நடுவழியில் காவலர் நின்று இங்கே சொல்வதை அங்கே கத்துவார், அங்கே சொல்வதை இங்கே கத்துவார்.

ஐந்தடி. கோடு ஆடவில்லை. நான்கடி. ஆடவில்லை. எனக்கு மூச்சு வந்தது. மூன்றடிக்கு அண்ணி நகர்ந்து இரண்டு நிமிடம் இருக்கும், கோடு கீழே சாய்ந்தது. அவசரப்படாமல், பிடிவாதமாக இறங்கியது. இரண்டடி. இன்னும் இறங்கியது. சிவப்புப் பேனா மேசையை ஓங்கித் தட்டினார்.

"போதுமா? கிட்ட வர வர விழுது. கண்ணால பாத்தாச்சு!"

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று நிற்கிறது அந்தக் கோடு. ஒரு நிமிடம் நானே நம்பிவிட்டேன். இத்தனை வருடமும் அவள் தப்பாகத்தான் எழுதிவிட்டாளோ என்று நினைத்தேன். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

நான் ஜன்னலுக்கு வெளியே கத்தினேன். "அண்ணி, கோடு விழுது!"

காவலர் அதைக் கத்தினார். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"எத்தனை மணிக்கு விழ ஆரம்பிச்சுச்சுன்னு கேக்குறாங்க! அப்புறம் தன்னை வெளிய எடுத்துடச் சொல்றாங்க!"

"தேவையில்லை, சோதனை முடிஞ்சது" என்று சிவப்புப் பேனா பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்தார்.

அதுவரை வாயே திறக்காத கருவிக்காரர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பொருளை எடுத்த பிறகும் பத்து நிமிஷம் பாக்கணுங்க. படிவத்துல அப்படித்தான் இருக்கு."

அண்ணி குடிசையை விட்டு வெளியே வந்தாள். அங்கியும் நாடாவுமாக, காலை இழுத்து இழுத்து, வேலியைத் தாண்டி, காவலரின் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். ஜன்னலிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. இங்கே கோடு விழுந்துகொண்டே இருந்தது.

"இன்னும் தள்ளிப் போகச் சொல்லுங்க" என்றார் தலைவர்.

அவள் எழுந்து சாலை வரை போனாள். கோடு விழுந்தது.

"இன்னும் தள்ளி."

சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கோடு இரவு அளவைத் தொட்டு, அதற்கும் கீழே போனது.

"பஸ்ஸுலயே ஏத்தி அனுப்பிடவா? வேற ஊருக்குப் போயிட்டா ஒருவேளை நிக்கும்!" என்று நான் கேட்டேன். கருவிக்காரர் இருமினார். சிவப்புப் பேனா தன் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். அங்கே அவள் வெயிலில் அங்கியோடு உட்கார்ந்திருக்க, யார் காலும் இல்லாத குடிசையில், அந்த வருடத்தின் மிகப் பெரிய எதிரோட்டம் நடந்து முடிந்தது. கோடு திரும்ப ஏறுகிற வரை அவளைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. நான்தான் ஓடிப் போய்க் கையைப் பிடித்து எழுப்பினேன்.

"அடியில எத்தனை மணிக்குத் தொட்டுச்சு?" என்றாள்.

"மூணு பத்துக்கு. அதை விடுங்க அண்ணி, நீங்க ஜெயிச்சுட்டீங்க!"

"ஐயோ, மூணு பத்துக்குக் கை அளவு எடுத்திருக்கணுமே!" என்று அந்தக் குடிசையைப் பார்த்தாள்.

'பணியாளர் பிழை' என்ற உத்தரவை ரத்துசெய்து ஒரே வரியில் கடிதம் வந்தது. வருத்தம் என்ற சொல் அதில் இல்லை. சிவப்பு மையை யார் அழிப்பது? அண்ணி நான்கு நாள் உட்கார்ந்து, இருநூற்றுப் பதினான்கு குறுக்குக் கோட்டுக்கும் பக்கத்தில் பென்சிலால் 'சரி' என்று எழுதினாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். ஏழு மாதம் கழித்து நிலையத்தில் ஒரு கூட்டம். வெளியூர் விஞ்ஞானிகள் வருகிறார்கள், நாற்காலி காலியாக இருக்கக் கூடாது, குடும்பத்தோடு வாருங்கள் என்றார்கள். அண்ணன் சட்டையை உதறிவிட்டு வந்தான். வாசலில் ஆளுக்கொரு அச்சுப் புத்தகம் கொடுத்தார்கள். தலைவர் மேடையேறி, 'பிற்பகல் எதிரோட்டம்: பதினொரு ஆண்டுப் பதிவுகள்' என்று கட்டுரை வாசித்தார். எந்தப் பதிவுகள்? அதே இருநூற்றுப் பதினான்கு. சோதனை நாளையும் சேர்த்து இருநூற்றுப் பதினைந்து. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! இவ்வளவு சுத்தமான பதிவு இந்தப் பகுதியிலேயே கிடையாது என்றார். கை தட்டினார்கள்.

நான் புத்தகத்தைப் புரட்டினேன். நன்றிப் பக்கத்தில் தலைமை அலுவலகம் இருந்தது, கணினிப் பிரிவு இருந்தது, ஆணியில்லா முக்காலி செய்து கொடுத்த தச்சர்கூட இருந்தார். அண்ணி இல்லை. கடைசிப் பக்கங்களில் பின்னிணைப்பு இரண்டு: 'பதிவுகளின் தூய்மையை உறுதிசெய்யும் சோதனை. சோதனைப் பொருள்: பணியாளரின் இடது கால், உள்ளே உலோகத் தகடுடன்.' அவளுடைய கால் அச்சாகியிருக்கிறது, அவள் அச்சாகவில்லை! முதல் படத்தைப் பார்த்தேன். சோதனை நாளின் கோடு, பக்கம் முழுக்க. அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'இந்நாளில் பணியாளர் பணியிடத்தில் இல்லாததால் கை அளவு எடுக்கப்படவில்லை.'

நான் எழுந்துவிட்டேன். வாய் திறப்பதற்குள் அண்ணி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அவளும் அந்தப் பக்கத்தைத்தான் விரித்து வைத்திருந்தாள். கேள்வி கேட்கலாம் என்று அறிவித்ததும், அவள் நாற்காலியைப் பிடித்து எழுந்து, காலை இழுத்து இழுத்து மேடை வரைக்கும் நடந்து ஏறினாள். ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"பின்னிணைப்பு ரெண்டுல ஒரு கால் இருக்குதுங்க. அந்தக் கால் என்னோடது" என்றாள். சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "கால் தனியா வேலைக்கு வரலைங்க. பதினொரு வருஷமா ரெண்டு மணிக்கு நான்தான் அதைக் கூட்டிட்டு வந்தேன்."

சிரிப்பு நின்றது.

தலைவர் முன்னால் வந்தார். "நன்றிப் பக்கத்தில் விடுபட்டிருக்கலாம். அடுத்த பதிப்பில் கவனிக்கிறோம்..."

"நன்றி சொல்லாட்டி பரவாயில்லைங்க. முதல் படத்துக்குக் கீழ, பணியாளர் பணியிடத்தில் இல்லாததால்னு போட்டிருக்கீங்க. எதிரோட்டம் வந்த ஒரு நாள்கூட நான் கை அளவு விட்டதில்லை. அன்னைக்கு மட்டும்தான் எடுக்கலை. ஏன்னா, நான் பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்தேன். உங்க உத்தரவுல." புத்தகத்தை அவர் முன்னால் மேசையில் விரித்து வைத்து, அந்த வரிமேல் விரலை வைத்தாள். "இந்த ஒரு வரியை அடிச்சுடுங்க. சிவப்புப் பேனா உங்ககிட்ட இருக்குமே."

வெளியூர்க்காரர்கள் ஒவ்வொருவராக முதல் படத்துக்குத் திருப்பினார்கள், தாள் புரளுவது கேட்டது. தலைவர் அவளைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். அவள் விரலை எடுக்கவில்லை. அந்தக் காலில் அவளால் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது என்று எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். அவன் பாதி எழுந்து நாற்காலி விளிம்பில் இருந்தான்.

கடைசியில் அவர் கை சட்டைப் பைக்குப் போனது. வரியின்மேல் கோடு போட்டார். "கையெழுத்தும் போடுங்க" என்றாள், போட்டார். "தேதி" என்றாள், அதையும் போட்டார். அதற்குப் பிறகுதான் அண்ணி புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வெளியே வந்ததும் பஸ் நிறுத்தத்தில் அதே பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அண்ணன் அவள் முழங்காலைப் பிடித்துவிட்டான். நன்றி சொல்லாவிட்டால் பரவாயில்லை என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்லலாம் என்று நான் இன்னும் பொரிந்துகொண்டிருந்தேன். அவள் கைக்கடிகாரம் கட்டுவதில்லை, அண்ணன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்று முப்பத்தைந்து.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. எனக்கு ரெண்டு மணிக்கு வேலை இருக்கு" என்று எழுந்தாள்.